ஒரு மேலாடையை இருவர் பிடித்திருக்கிறார்கள்: யூதவியலும் லிபரல் ஆர்ட்ஸும் சேர்ந்த இளங்கலைப் படிப்பு

யூதர்களின் கல்வி என்று தமிழில் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு திசையில்தான் போகிறது. ஒன்று, வருடக்கணக்காக வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தி. "யூதர்கள் ஏன் அறிவாளிகள் தெரியுமா?" என்று ஆரம்பித்து, கர்ப்பிணிகள் கணக்குப் போடுகிறார்கள் என்பது வரை போகும். இன்னொன்று, யூதம் என்ற சொல் காதில் விழுந்ததுமே இஸ்ரேல் அரசியலுக்குத் தாவிவிடும் விவாதம். முதலாவது கட்டுக்கதை. இரண்டாவது முக்கியமானதுதான், ஆனால் அது வேறு விஷயம்.

இந்த இரண்டுக்கும் இடையில் நிஜமான, கவனிக்க வேண்டிய ஒரு கல்விமுறை இருக்கிறது. நியூயார்க் நகரத்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சிலர் கல்லூரியில் சேரும்போது, ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமையுள்ள சட்டநூலையும் இன்றைய பொருளாதாரம், இலக்கியம், இயற்பியலையும் ஒன்றாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். "அது ஏதோ சாமியார் படிப்பாம்" என்று சிலர் ஒதுக்குகிறார்கள். "மதத்தோடு அறிவியலைக் கலந்து கொடுக்கிறார்களாம்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்க்கலாம்.

முதலில், லிபரல் ஆர்ட்ஸ்

இந்தப் பெயரே பலரைத் தடுமாற வைக்கிறது. ஆர்ட்ஸ் என்றதும் ஓவியமும் நடனமும் நினைவுக்கு வருகின்றன. லிபரல் என்றதும் அரசியல் கட்சி நினைவுக்கு வருகிறது. லத்தீனில் 'லிபர்' என்றால் சுதந்திரமானவர், அதாவது அடிமையாக இல்லாதவர். அப்படிப்பட்ட குடிமகனுக்குத் தேவையான படிப்பு என்பதுதான் பழைய பொருள். இடைக்கால ஐரோப்பாவில் அவை ஏழு: இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். ஏழில் நான்கு கணக்கோடு சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். இசையைக்கூட அவர்கள் ஒலிகளுக்கிடையே உள்ள விகிதங்களாகத்தான் படித்தார்கள்.

இன்று அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு இப்படிப் பொருள் சொல்லலாம்: ஒரு தொழிலுக்கு மட்டும் பயிற்சி கொடுக்காமல், பல துறைகளின் சிந்தனைமுறைகளை ஒரே மாணவருக்குப் பழக்கும் இளங்கலைப் படிப்பு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்து பி.காம் சேர்ந்தால் மூன்று வருடமும் வணிகவியல்தான். அங்கே முதல் இரண்டு வருடம் பலதும் படித்துவிட்டு, அப்புறம்தான் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919இல், நியூயார்க்கில் உள்ள கொலம்பியா கல்லூரி ஒரு பொதுப்பாடத்தைக் கட்டாயமாக்கியது. வேதியியல் மாணவரும் அதில் அரசியல் தத்துவம் படித்து, சிறு வகுப்பில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். நூறு ஆண்டு கழித்தும் அந்தப் பாடம் தொடர்கிறது.

மூன்று இடங்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

யூதக் கல்வியில் பெயர் குழப்பம் இன்னும் அதிகம். யெஷிவா, செமினரி, யூதவியல் துறை ஆகிய மூன்றையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

யெஷிவா என்பது யூத மூலநூல்களை, குறிப்பாக தல்மூத்தை, ஆழ்ந்து படிக்கும் இடம். வேலைக்காகவோ பட்டத்துக்காகவோ படிப்பதில்லை. படிப்பதே கடமை என்று நம்பிப் படிக்கிறார்கள். செமினரி என்பது ரப்பிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. ரப்பி என்றால் யூதச் சட்டம் கற்ற ஆசிரியர், சமூக வழிகாட்டி. யூதவியல் துறை என்பது பல்கலைக்கழகத்தில் யூத வரலாறு, மொழி, இலக்கியம், சிந்தனை ஆகியவற்றை ஆராயும் துறை. அதில் யூதரல்லாதவர் படிக்கலாம், கற்பிக்கலாம். நம்பிக்கை அங்கே தகுதி கிடையாது.

நமக்குத் தெரிந்த ஒரு நிலையை வைத்துச் சொல்கிறேன். கோயிலில் தேவாரம் பாடப் பயிற்சி பெறும் ஓதுவார் ஒருவர். பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் அதே தேவாரத்தின் காலம், மொழிநடை, சமூகப் பின்னணி இவற்றை ஆராயும் மாணவர் இன்னொருவர். பாட்டு ஒன்றுதான், கேட்கும் கேள்விகள் வேறு. இப்போது, ஒரே பிள்ளை காலையில் ஓதுவாரிடமும் மாலையில் பேராசிரியரிடமும் உட்கார்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசும் படிப்பு ஏறக்குறைய அதுதான்.

யூதவியல் துறை எளிதில் பிறந்துவிடவில்லை. 1819இல் பெர்லினில் சில இளைஞர்கள் கூடி, யூத மரபைப் பல்கலைக்கழக முறையில் ஆராய ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் முதன்மையானவர் லியோபோல்ட் சுன்ஸ். 1848இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு பேராசிரியர் இடம் ஏற்படுத்தும்படி அவர் கேட்டார். கிடைக்கவில்லை. அதனால் இந்த ஆராய்ச்சி நெடுங்காலம் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, யூதர்களின் சொந்த செமினரிகளில்தான் வளர்ந்தது. அமெரிக்காவிலும் கொலம்பியாவில் யூத வரலாற்றுக்கு ஒரு பேராசிரியராக சாலோ பேரன் வந்து சேர 1930 ஆகிவிட்டது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: லிபரல் ஆர்ட்ஸ் என்பது பல சிந்தனைமுறைகளைப் பழகுவது. யெஷிவா மரபுக்குள் நின்று படிப்பது. யூதவியல் துறை அதே மரபைப் பல்கலைக்கழகக் கண்ணால் ஆராய்வது.

ஒரு பக்கம் எப்படி இருக்கும்?

தல்மூத் என்றேன். அது என்ன? சுமார் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சுருக்கமான சட்டத்தொகுப்பு மிஷ்னா. அதன்மேல் அடுத்த சில நூற்றாண்டுகள் நடந்த விவாதங்களின் தொகுப்பு கெமாரா. இரண்டும் சேர்ந்ததுதான் தல்மூத். மிஷ்னா எபிரேயத்தில், கெமாரா பெரும்பாலும் அரமேயத்தில்.

அச்சிட்ட பக்கத்தைப் பார்த்தாலே அந்த மரபின் குணம் புரிந்துவிடும். நடுவில் மூலம். ஒரு பக்கம் ராஷி என்ற பதினோராம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞரின் உரை. மறுபக்கம் அவருடைய பேரப்பிள்ளைகள் தலைமுறையில் தொடங்கிய தோசஃபோத் என்ற உரை. அது ராஷியோடு அடிக்கடி முரண்படும். மூலத்துக்கு உரை, உரைக்கு மறுப்பு என்று வளரும் மரபு தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. இங்கே அவை எல்லாம் ஒரே பக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் சிறப்பு.

இதைத் தனியாக யாரும் படிப்பதில்லை. இருவர் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். இந்த இணைக்கு ஹவ்ரூதா என்று பெயர். தேர்வுக்கு முந்தின இரவு ஹாஸ்டலில் சேர்ந்து படிப்போமே, அது மாதிரி இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஹாஸ்டலில் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஹவ்ரூதாவில் ஒருவர் சொன்னதை மற்றவர் உடைக்கப் பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய வேலை. தல்மூத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. ரப்பி யோஹனானின் படிப்புத் தோழர் ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார். துக்கத்தில் இருக்கும் யோஹனானுக்கு வேறொரு கெட்டிக்காரரைத் துணையாக அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும் அவர் "நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது" என்று ஆமோதிக்கிறார். யோஹனான் நொந்துபோகிறார். ரேஷ் லாகிஷ் இருந்திருந்தால் இருபத்துநான்கு ஆட்சேபம் எழுப்பியிருப்பார், நான் இருபத்துநான்கு பதில் சொல்லியிருப்பேன், விஷயம் தெளிந்திருக்கும் என்று அழுகிறார். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மறுத்துப் பேசும் ஒருவருக்காக ஏங்கி அழுத ஆசிரியர் அவர்.

ஒரு மேலாடை, இருவர்

சரி, இந்த இரண்டு படிப்பும் ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன? தொடக்கநிலை மாணவர்கள் படிக்கும் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்வோம்.

இருவர் ஒரு மேலாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். "நான்தான் கண்டெடுத்தேன், முழுதும் எனக்கு" என்கிறார் ஒருவர். மற்றவரும் அதையே சொல்கிறார். மிஷ்னாவின் தீர்ப்பு: இருவரும் சத்தியம் செய்துவிட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம். இது எதிர்பார்த்ததுதான். அடுத்த வழக்கு: ஒருவர் "முழுதும் எனக்கு" என்கிறார், மற்றவர் "பாதி எனக்கு" என்கிறார். இப்போது? முதலாமவருக்கு முக்கால், இரண்டாமவருக்குக் கால்.

ஏன் முக்கால்? பாதி கேட்டவர் மற்றப் பாதியைத் தனக்கு வேண்டாம் என்று தானே விட்டுக்கொடுத்துவிட்டார். அது சண்டையே இல்லாமல் முதலாமவருக்குப் போகிறது. மிச்சமுள்ள பாதிதான் தகராறில் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குக் கால். ஆக முதலாமவருக்கு அரையும் காலும் முக்கால். தகராறில் இருப்பதை மட்டும் சமமாகப் பிரி என்பதுதான் விதி.

தல்மூத்தின் வேறொரு நூலில் இன்னொரு வழக்கு வருகிறது. இறந்துபோனவர் மூன்று பேருக்குப் பணம் தர வேண்டும்: 100, 200, 300. விட்டுப்போன சொத்து போதவில்லை. சொத்து 100 என்றால் மூவருக்கும் சமமாக 33⅓. சொத்து 300 என்றால் 50, 100, 150. சொத்து 200 என்றால் 50, 75, 75. முதலாவது சமப் பங்கு; இரண்டாவது கடனின் விகிதப்படி; மூன்றாவது எந்தக் கணக்கிலும் சேராத விநோதம். ஒரே நூல், ஒரே வழக்கு, மூன்று விதமான பங்கு. உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகள் மோதிப் பார்த்த புதிர் இது.

இந்தப் புதிரை அவிழ்த்த இருவரில் ஒருவர் ராபர்ட் ஆமன். 1930இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு நியூயார்க் வந்தார். யெஷிவா உயர்நிலைப் பள்ளியில் தல்மூத் படித்தார், அப்புறம் நியூயார்க் சிட்டி கல்லூரியில் கணிதம். இந்த மூவர் வழக்கைத் தன் கவனத்துக்குக் கொண்டுவந்தது யெஷிவாவில் படித்த தன் மகன் ஷ்லோமோ என்று அவர் சொல்லியிருக்கிறார். ஷ்லோமோ 1982 லெபனான் போரில் இறந்துபோனார். 1985இல் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் விடையை வெளியிட்டார்கள். மூவரில் எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும், அவர்களுக்குக் கிடைத்த மொத்தத் தொகை மேலாடை விதிப்படியே பிரிந்திருக்கிறது!

சொத்து 200 என்ற விநோத வழக்கையே சோதித்துப் பாருங்கள். 100 கேட்டவருக்கு 50, 200 கேட்டவருக்கு 75; இருவருக்கும் சேர்த்து 125. அதில் 100 கேட்டவர் 25ஐ விட்டுக்கொடுக்கிறார். 200 கேட்டவர் எதையும் விடவில்லை. தகராறில் உள்ளது 100, ஆளுக்கு 50. விட்டுக்கொடுத்த 25ஐச் சேர்த்தால் இரண்டாமவருக்கு 75. அடுத்து 200 கேட்டவரும் 300 கேட்டவரும்: மொத்தம் 150, இருவருமே முழுதும் கேட்கிறார்கள், ஆளுக்கு 75. அச்சாகப் பொருந்துகிறது. மற்ற இரண்டு வழக்குகளையும் ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் அதே விதி வெளியே வரும்.

ஆமன் 2005இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் நாம் பேசும் இரட்டைப் படிப்பின் மாணவர் கிடையாது. பள்ளியில் ஒன்று, கல்லூரியில் ஒன்று என்று தனித்தனியே படித்தவர். ஆனால் அந்தப் படிப்பு எதை நம்பி நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கணிதம் மட்டும் தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் கண்ணில் பட்டிருக்காது. தல்மூத் மட்டும் தெரிந்தவரிடம் ஆட்டக் கோட்பாடு, அதாவது பலருடைய நலன்கள் மோதும்போது நடப்பதைக் கணக்காக ஆராயும் துறை, இருந்திருக்காது.

நியூயார்க்கில் இரண்டு வழிகள்

இந்தச் சேர்க்கையை நடத்த நியூயார்க்கில் இரண்டு மாதிரிகள் உருவாயின. இரண்டின் வேரும் 1886இல்தான் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் அலையலையாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம்.

முதல் மாதிரி ஒரே கூரை. 1886இல் லோயர் ஈஸ்ட் சைடில் ஆரம்பித்த ஒரு சிறிய யெஷிவா வளர்ந்து, பெர்னார்ட் ரெவெல் தலைமையில் 1928இல் யெஷிவா கல்லூரி ஆனது. பின்னாளில் அதுவே யெஷிவா பல்கலைக்கழகம். பெண்களுக்கான ஸ்டெர்ன் கல்லூரி 1954இல் வந்தது. ஆண்கள் கல்லூரியில் காலை நேரம் தல்மூத்துக்கு, மதியமும் மாலையும் உயிரியல், கணக்கியல், ஆங்கில இலக்கியம் போன்றவற்றுக்கு. எபிரேயமே தெரியாமல் வருபவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இது நவீன ஆர்த்தடாக்ஸ் மரபைச் சேர்ந்தது. யூதச் சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்துக்கொண்டே நவீன உலகிலும் பங்கெடுக்கும் பிரிவு அது. அதன் கொள்கை 'தோரா உமத்தா', அதாவது வேதமும் உலக அறிவும். அங்கே நெடுங்காலம் தல்மூத் கற்பித்த ஜோசப் சொலொவெய்ச்சிக் பெர்லினில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1977இல் ஸ்டெர்ன் கல்லூரியில் பெண்களுக்கு முறைப்படி தல்மூத் வகுப்பு தொடங்கியபோது முதல் பாடம் நடத்தியவரும் அவரே. பெண்கள் தல்மூத் படிப்பதைப் பலர் ஏற்காத சூழலில் அது பெரிய காரியம்.

இரண்டாவது மாதிரி இரண்டு வாசல். 1886இல் நிறுவப்பட்ட யூத இறையியல் செமினரியின் இளங்கலைப் பிரிவு லிஸ்ட் கல்லூரி. அதன் மாணவர்கள் அதே நேரத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸிலோ பார்னார்ட் மகளிர் கல்லூரியிலோ சேர்ந்து படிக்கிறார்கள். முடிவில் இரண்டு நிறுவனங்களிலிருந்து இரண்டு இளங்கலைப் பட்டங்கள். ஒரே பட்டத்துக்குள் இரண்டு முதன்மைப் பாடம் எடுப்பதும் இதுவும் ஒன்றல்ல. இங்கே சேர்க்கை, பாடத்திட்டம், பட்டம் எல்லாமே இரண்டு. செமினரி கன்சர்வேட்டிவ் பிரிவைச் சேர்ந்தது. பெயரைப் பார்த்து அரசியல் பழமைவாதம் என்று நினைக்க வேண்டாம். மரபைக் காக்க வேண்டும், அது வரலாற்றில் மாறி வந்தது என்பதையும் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் நிலை.

இரண்டு மாதிரியிலும் ஒன்று பொது: இளங்கலை முடித்தால் யாரும் ரப்பி ஆகிவிடுவதில்லை. அதற்குத் தனியாகப் பல ஆண்டு மேற்படிப்பு உண்டு. மாணவர்களில் பலர் சட்டம், மருத்துவம், வணிகம், ஆசிரியப் பணி என்று போய்விடுகிறார்கள்.

ஏன் சொந்தக் கல்லூரிகள் தேவைப்பட்டன என்பதில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. 1920களில் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கையைத் திட்டமிட்டுக் குறைத்தன. அவற்றில் கொலம்பியாவும் ஒன்று. 1928இல் அது புரூக்ளினில் ஒரு தனிக் கல்லூரி திறந்தது. யூத மாணவர்கள் பலர் அங்கே அனுப்பப்பட்டார்கள். எழுத்தாளர் ஐசக் அசிமோவ் அப்படி அங்கே போனவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அதே கொலம்பியா செமினரியோடு கைகோத்து இரட்டைப் பட்டம் கொடுக்கிறது என்பதை இந்தப் பின்னணியோடுதான் பார்க்க வேண்டும்.

உரசல் வராதா?

வரும். அதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாணவி, தோரா மோசேக்கு சீனாய் மலையில் அருளப்பட்டது என்று கேட்டு வளர்ந்திருப்பாள். தோரா என்பது எபிரேய வேதத்தின் முதல் ஐந்து நூல்கள். வரலாற்று வகுப்பில், அந்த ஐந்தும் வெவ்வேறு காலத்து மூலங்களிலிருந்து தொகுக்கப்பட்டவை என்ற ஆய்வைப் படிப்பாள். செமினரி அந்த ஆய்வை வகுப்புக்குள்ளேயே ஏற்றுக்கொண்டு, அப்படியானால் கட்டளைகளுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்விக்குப் போகிறது. யெஷிவா பல்கலைக்கழகத்தின் மரபு அருளப்பட்டது என்ற நம்பிக்கையை விடாமல், அதோடு உலக அறிவை எதிர்கொள்ளச் சொல்கிறது. எந்த வழியிலும் அந்த மாணவிக்குத் தூக்கம் கெடும் இரவுகள் உண்டு. ஆனால் கேள்வி இரண்டு பக்கமிருந்தும் வருவதால் எந்த ஒரு வகுப்பிலும் அவளால் சும்மா தலையாட்டிவிட்டு வர முடியாது. அந்த யோஹனான் அழுதது இதற்காகத்தானே.

சுருக்கமாக: ஒரு மாதிரியில் இரண்டு படிப்பும் ஒரே கூரைக்குள், நேரம் பிரித்து. இன்னொன்றில் இரண்டு நிறுவனம், இரண்டு பட்டம். எதிலும் மதமும் அறிவியலும் கரைத்து ஒன்றாக்கப்படுவதில்லை. இரண்டும் தனித்தனியே நின்று ஒன்றை ஒன்று கேள்வி கேட்கின்றன.

நகரம் எதற்கு?

கொலம்பியாவின் வாசல் பிராட்வேயில் 116ஆம் தெருவில். செமினரி அதே பிராட்வேயில் 122ஆம் தெருவில். இடையில் ஒரு கிறிஸ்தவ செமினரியும் இருக்கிறது. பத்து நிமிட நடையில் ஒரு மாணவர் பிளேட்டோவிலிருந்து மிஷ்னாவுக்கு வந்துவிடலாம். இந்த நெருக்கம் இல்லாமல் இரண்டு நிறுவனப் படிப்பு நடக்காது.

சுரங்க ரயிலில் தெற்கே போனால் குடியேறிகள் வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு. அங்கே எல்ட்ரிட்ஜ் தெருவில் 1887இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. நடுவில் 16ஆம் தெருவில் யீவோ என்ற ஆய்வு நிறுவனம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியையும் வாழ்வையும் ஆவணப்படுத்த 1925இல் வில்னாவில் தொடங்கியது, போர்க்காலத்தில் 1940இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது. குடியேற்ற வரலாறு படிப்பவருக்கு இவை எல்லாம் ஒரு மதியத்தில் போய்வரும் தூரம்.

செமினரியின் நூலகம் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று. 1966இல் நடந்த தீ விபத்தில் அது சுமார் எழுபதாயிரம் புத்தகங்களை இழந்தது. தப்பியவற்றில் கெய்ரோ கெனிசாத் துண்டுகளும் உண்டு. கெனிசா என்பது, கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்பதற்காகப் பழைய தாள்களைப் போட்டுவைக்கும் அறை. கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடம் ஒன்றில் அப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான துண்டுகளில் பெரும்பகுதியை 1896–97இல் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவர் சாலமன் ஷெக்டர். 1902இல் அவரே நியூயார்க் செமினரியின் தலைவராக வந்தார்.

அந்தத் துண்டுகள் இன்று பல நகரங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஆபிரகாம் பென் யிஜு என்ற பன்னிரண்டாம் நூற்றாண்டு வணிகரின் தாள்கள் இருக்கின்றன. துனிசியாவில் பிறந்து, மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தி, மிளகும் ஏலமும் அனுப்பியவர். 1132இல் அஷு என்ற இந்திய அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார். அந்தப் பத்திரத்தைப் படிக்க யூதச் சட்டத்தின் வாய்பாடுகள் தெரிய வேண்டும். அவருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்களைப் படிக்க, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழி தெரிய வேண்டும். அதில் வரும் சரக்குகளைப் புரிந்துகொள்ள இந்தியப் பெருங்கடல் வணிகத்தின் வரலாறு தெரிய வேண்டும். எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் ஊர்ப்பெயர் வருகிறது: மஞ்சரூர். நம் மங்களூர்தான்.